நின்ற கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர்கள்

மோரி ரான் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறாள் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. அவள் நாயகியாக வரும் ஜப்பானியத் துப்பறியும் சித்திரக்கதையான ‘டிடெக்டிவ் கோனன்’ மாங்கா 1994 ஜனவரியில் ஷோனென் சண்டே வார இதழில் தொடங்கியது. அந்தக் கணக்கில் அவள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறாள். கதைக்குள் ஓடும் காலத்தைக் கொண்டு பார்த்தால் இன்னும் ஓராண்டுகூட முழுதாகக் கழியவில்லை. அவள் காத்திருக்கும் பள்ளித் துப்பறிவாளன் குடோ ஷினிச்சிக்கு இன்னும் 17 வயதுதான். கறுப்பு அமைப்பு என்ற குற்றக்கும்பல் கொடுத்த மருந்தால் சிறுவனாகச் சுருங்கிப்போன அவன் உடல், கோனன் என்ற பெயரில், இன்னும் தெய்தான் தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறது. இதற்கிடையில் எத்தனையோ கிறிஸ்துமஸ்களும் காதலர் தினங்களும் செர்ரி மலர்க்காலங்களும் வந்துபோய்விட்டன. தொடக்க அத்தியாயங்களில் பேராசிரியர் அகாசா செய்து கொடுத்த காதணி வடிவக் கைபேசி ஓர் அதிசயக் கருவியாக இருந்தது. இப்போதோ கோனன் பெயரில் ஒன்றும் ஷினிச்சி பெயரில் ஒன்றுமாக இரண்டு ஸ்மார்ட்போன்களை அந்தச் சிறுவன் சுமந்து திரிகிறான். 1969 முதல் ஒளிபரப்பாகிவரும், யாருக்கும் வயதே ஏறாத ஒரு குடும்பத் தொடரின் பெயரால் ஜப்பானிய ரசிகர்கள் இதைச் ‘சசாயே-சான் காலம்’ என்பார்கள்.

நல்ல ரசிகர் புனைவு, அதாவது மூலப்பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை, இந்த இரண்டு விடைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில்தான் முளைக்கிறது என்பது, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக இந்த ஃபேண்டத்தில் (ரசிகர் வட்டத்தில்) படித்துவரும் எனக்குப் பிடிபட்ட ஒரே உண்மை. மூலத்தொடர் நிறுத்திவைத்த கடிகாரத்துக்கு யார் சாவி கொடுக்கிறாரோ, ஒரு பொய் சொன்னால் மறுநாள் அதன் விளைவு இருக்கும் என்றும் ஒரு சாவைக் கண்டால் அதன் பிறகு ஓர் இரவு இருக்கும் என்றும் யார் எழுதுகிறாரோ, அவரையே நான் தேடிப் போகிறேன். அண்மையில் ஒரு நண்பர் 1,100 எபிசோடுகளுக்கு மேல் பார்த்து முடித்துவிட்டு, “இனி யாரைப் படிப்பது?” என்று கேட்டார். எந்தக் கதையைப் படிப்பது என்று கேட்காமல் யாரைப் படிப்பது என்று கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று. ஒரு கதை தற்செயலாக நன்றாக அமைந்துவிடலாம். ஓர் எழுத்தாளர் அப்படி அமைவதில்லை.

பெயர்களைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவில் யாருடைய புனைபெயரும் இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன், ஜப்பானிய மொழியில் எழுதும் ஒருவரின் பக்கத்தை ஆர்வ மிகுதியால் பொதுவெளியில் பகிர்ந்தேன். இரண்டே நாளில் அந்தப் பக்கம் பூட்டப்பட்டது. தவறு முழுக்க என்னுடையது. ஜப்பானிய ரசிகர் வட்டங்களில் மூலப்படைப்பின் உரிமையாளர் கண்ணிலும் வழிப்போக்கர் கண்ணிலும் படாமல் ஒதுங்கி எழுதுவது ஒரு நெடுநாள் மரபு. தேடுபொறியில் சிக்கிவிடக் கூடாது என்று பாத்திரங்களின் பெயருக்கு நடுவில் கோடுகளும் புள்ளிகளும் போட்டு உடைத்து எழுதுபவர்கள் அவர்கள். அப்படி ஒளிந்திருப்பவரைப் பாராட்டுகிறேன் என்று வெளிச்சத்துக்கு இழுத்து வருவது பாராட்டாகாது. ஆகவே அவர்கள் எழுதும் விதத்தைச் சொல்கிறேன், தேடும் வழியையும் சொல்கிறேன். படிக்கத் தொடங்கினால் நான் யாரைச் சொன்னேன் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ரானை எழுதுபவர். கோனன் ஃபேண்டத்தில் ரானுக்கு நேர்ந்த அநீதியைப் போல வேறெந்தப் பாத்திரத்துக்கும் நேர்ந்ததில்லை. மாநில அளவில் கராத்தே வெற்றியாளரான ஒரு பெண்ணைத் தொலைபேசி அருகே அழுதுகொண்டிருப்பவளாக மட்டும் எழுதுபவர்கள் ஒரு பக்கம். தங்களுக்குப் பிடித்த வேறு ஜோடிக்கு வழிவிடுவதற்காக அவளை அறிவற்றவளாகவோ கொடுமைக்காரியாகவோ சித்திரிப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் சொல்லும் எழுத்தாளர் இந்த இரு பக்கமும் போகவில்லை. அவர் மூலத்தொடரிலிருந்தே ஒரு கணத்தை எடுத்துக்கொண்டார். குகைக்குள் கோனன் குண்டடிபட்டு, இரத்தம் போதாமல் மருத்துவமனையில் கிடக்கிறான். அப்போது ரான், என் இரத்தமும் அவன் இரத்தமும் ஒரே வகை, என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். தன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஒரு சிறுவனின் இரத்த வகை அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் யார் என்று அவள் அறிந்திருந்தாள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. 2000-இல் ஒளிபரப்பான 188-ஆம் எபிசோடு அது. அதன் பிறகு மூலக்கதை என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும்: அந்த மருந்தை உருவாக்கி, பிறகு தானும் அதை விழுங்கிச் சிறுமியான ஹைபரா கோனனாக வேடமிட்டு நிற்க, ஷினிச்சி தற்காலிகமாகத் தன் உருவில் வந்து பள்ளி நாடக மேடையில் தோன்றி, ரானின் சந்தேகத்தைத் துடைத்துவிட்டுப் போனான். கதை தொடர வேண்டுமென்றால் அந்தச் சந்தேகம் அழிந்தாக வேண்டும். ஆசிரியர் அயோயாமா கோஷோவின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் அறிந்துகொண்ட ஒன்றை ஒரு மனது அவ்வளவு எளிதில் மறந்துவிடுமா?

இந்த எழுத்தாளரின் ரான் மறப்பதில்லை. நாடகத்துக்குப் பிறகு நம்பிவிட்டதாகக் காட்டிக்கொள்கிறாள். அவன் பொய் சொல்வதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலையில் அவனுக்கே தெரியாமல் பங்கெடுக்கிறாள். கோனன் குரல் மாற்றும் போ-டையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் ஓடும்போதெல்லாம் அறைக்குள் வேறு யாரும் போகாதபடி அவள் கதவருகே ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள். அவன் தூங்கும்போது அணிந்திருக்கும் சட்டையின் அளவைப் பார்த்து, போன மாதமும் இதே அளவுதான் என்று நினைத்துக்கொள்கிறாள். பெரிய காட்சி எதுவுமில்லை, மோதல் இல்லை. 40 அத்தியாயங்கள் முழுக்க ஒரு பெண் தெரிந்தும் தெரியாதவளாக இருப்பதன் உழைப்பு மட்டுமே இருக்கிறது. காத்திருப்பதை ஒரு செயலாக எழுதிய வேறொருவரை நான் இந்த ஃபேண்டத்தில் பார்த்ததில்லை. மூலத்தொடரில் லண்டன் கடிகாரக் கோபுரத்தருகே ஷினிச்சி காதலைச் சொல்வதும், பின்னர் கியோட்டோ பள்ளிச் சுற்றுலாவில் ரான் பதில் சொல்வதும் அழகான கட்டங்கள்தாம். ஆனால் இந்தக் கதையைப் படித்த பிறகு அவற்றைப் பார்க்கும்போது, ரானின் முகத்தில் வேறு ஏதோ ஒன்று தென்படத் தொடங்கிவிடுகிறது. அதை வரைந்தவர் அங்கே வைத்தாரா, எழுதியவர் வைத்தாரா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இயலவில்லை.

ஹைபரா ஐயை எழுதுபவர்கள் ஏராளம். 2023-இல் அவளை மையமாக வைத்து வந்த திரைப்படம், இந்தத் தொடரின் படங்களில் முதன்முறையாக 1,000 கோடி யென் வசூலைத் தாண்டியதிலிருந்து இன்னும் பெருகிவிட்டார்கள். அவர்களுள் நான் பரிந்துரைப்பவர் ஒருவர்தான். அதற்குக் காரணம், அவர் அவளை முதலில் ஒரு வேதியியலாளராக எழுதுகிறார். மூலக்கதையில் மாற்று மருந்து என்பது ஒரு மாத்திரை: விழுங்கினால் உடல் வளரும், சில மணி நேரத்தில் சுருங்கும். ஆனால் அங்கேயே ஒரு குறிப்பும் இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டால் உடலில் எதிர்ப்பு உருவாகிவிடும் என்று ஹைபரா எச்சரிக்கிறாள். இந்த எழுத்தாளர் அந்த ஒற்றை எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆய்வுக்கூட நாட்குறிப்பையே எழுதிவிட்டார். ஒவ்வொரு முறை ஷினிச்சி கெஞ்சி ஒரு மாத்திரை வாங்கிப் போகும்போதும், நிரந்தரத் தீர்வுக்கான வாய்ப்பு எவ்வளவு குறைகிறது என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள். அவனிடம் சொல்வதில்லை. தான் கொடுக்கும் ஒவ்வொரு மாலைப்பொழுதும் அவனுடைய பின்னாளிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை ஓர் எண்ணாக எழுதிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அவள் பெயரைப் பற்றியும் இவர் எழுதிய ஒரு சிறுகதை உண்டு. ஹைபரா என்பதில் வரும் ‘ஹை’ சாம்பலைக் குறிக்கும். கார்டீலியா கிரே என்ற புனைவுப் பெண் துப்பறிவாளரின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. ‘ஐ’ என்பதை அன்பு என்று பொருள்படும் எழுத்தால் எழுதலாம் என்றார் அகாசா; அவளோ அதே ஒலியுடைய, துயரம் என்று பொருள்படும் எழுத்தைத் தேர்ந்தாள். பெரும்பாலான ரசிகர் கதைகளில் இறுதிக் காட்சியில் அவள் துயரத்தை அழித்துவிட்டு அன்பை எழுதுவாள். இதைக் குறைந்தது இருபது கதைகளில் படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் எழுதியவருக்குத் தொண்டை அடைத்திருக்கும், எனக்கு அடைக்கவில்லை. இவருடைய கதையில் வகுப்பு ஆசிரியை பதிவேட்டில் தவறுதலாக அன்பு என்று எழுதிவிடுகிறார். அவள் போய்த் திருத்தச் சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மதிய இடைவேளை முழுக்க யோசிக்கிறாள். கடைசியில் போய்த் திருத்தச் சொல்கிறாள். அவ்வளவுதான் கதை. அவள் தேர்ந்தெடுத்த துயரத்தை அவளிடமிருந்து பறிக்காமல் விட்ட அந்த மரியாதைக்காகவே இந்த எழுத்தாளரை நான் தொடர்கிறேன். தாய் எலெனா தன் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்குமாக, இருபது வயது வரைக்கும், ஒலிநாடாவில் குரலைப் பதிந்துவைத்துவிட்டு இறந்தாள் என்பது மூலக்கதையில் வரும் செய்தி. அதை வைத்து இவர் எழுதியதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: குழந்தை உடலில் இருக்கும் பாத்திரங்களைக் காதலர்களாக்கி எழுதுபவற்றை நான் படிப்பதுமில்லை, பரிந்துரைப்பதுமில்லை, அந்த வகையைத் தேடுபவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படாது.

வழக்குக் கதை எழுதுபவர்கள் அருகிவிட்டார்கள். துப்பறியும் தொடரின் ஃபேண்டத்தில் துப்பறியும் கதைகள் குறைவு என்பது வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றும். எழுதிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். உணர்வுக் கதையை முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டே போகலாம். வழக்குக் கதையைக் கடைசியிலிருந்து, அதாவது கொலை நடந்த விதத்திலிருந்து, பின்னோக்கிக் கட்ட வேண்டும். தடயங்கள் எல்லாம் வாசகர் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும், அதே சமயம் கண்ணில் படவும் கூடாது. பெரும்பாலானோர், “கோனன் வழக்கைத் தீர்த்துவிட்டு வெளியே வந்தான்” என்று ஒரே வரியில் கடந்துவிட்டு, தாங்கள் எழுத விரும்பிய உரையாடலுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதினேன்; என் கதைகள் இரண்டும் இப்போது இணையத்தில் இல்லை, அது எல்லோருக்கும் நல்லது.

இந்த வகையில் நான் கைகாட்டும் எழுத்தாளர் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு கதைதான் வெளியிடுகிறார். அவருடைய சிறப்பு, ரானின் தந்தையும் தனியார் துப்பறிவாளருமான மோரி கோகோரோ. கோனன் அவரைத் தூங்கவைத்து, அவர் குரலில் வழக்கை விளக்குவது தொடரின் வழக்கம். தூக்க ஊசி தைத்துத் தலை தொங்க உட்கார்ந்திருக்கும் கேலிப்பாத்திரமாகவே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் முன்னாள் காவலர், ஜூடோ வல்லவர், குறி தவறாமல் சுடுபவர் என்பது தொடருக்குள்ளேயே இருக்கும் செய்தி. பிணைக்கைதியாகப் பிடிபட்ட தன் மனைவியின் காலில் மெல்லிதாகச் சுட்டு, ஓட முடியாதவளைக் குற்றவாளி இழுத்துப்போகமாட்டான் என்று கணக்குப் போட்டு அவளைக் காப்பாற்றியவர் அவர். 1998-இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் அது வருகிறது. இந்த எழுத்தாளரின் கதைகளில் கோகோரோவுக்கு விடை தெரியாமல் இருக்கலாம், ஆனால் கேள்வி தெரியும். சாட்சி பொய் சொல்கிறார் என்பது கோனனுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிடும், ஏன் என்பது மட்டும் பிடிபடாது. ஒரு கதையில் அவர் தூங்கி எழுந்து, தான் சொன்னதாக எல்லோரும் பாராட்டும் விளக்கத்தைப் பத்திரிகையில் படித்து, அதில் ஒரு சிறு பிழையைக் கண்டுபிடிக்கிறார். தன்னுடைய தீர்ப்பு என்று உலகம் நம்பும் ஒன்றில் தானே தவறு கண்ட மனிதனின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் செய்வதை நான் சொல்லிவிட்டால் அந்த எழுத்தாளருக்குத் துரோகம் செய்தவனாவேன்.

காவல் பயிற்சிக்கூட ஐவரைப் பற்றி எழுதுபவர்களின் தொகை இப்போது தனி ஃபேண்டம் என்று சொல்லுமளவுக்குப் பெரிது. ஃபுருயா ரெய், மொரோஃபுஷி ஹிரோமிட்சு, மட்சுதா ஜின்பெய், ஹகிவாரா கென்ஜி, டாதே வட்டாரு ஆகிய ஐவரில் இன்று உயிரோடிருப்பவர் ஃபுருயா ஒருவர்தான். அவரும் காவல்துறையின் ரகசிய அதிகாரியாகவும், அமுரோ டோரு என்ற பெயரில் பகலில் கஃபே பரிமாறுபவராகவும் இரவில் கறுப்பு அமைப்பின் பர்பனாகவும் மூன்று முகங்களோடு வாழ்கிறார். 2018-இல் அவரை முன்னிறுத்திய திரைப்படமும், 2019-இல் தொடங்கிய பயிற்சிக்கூடக் கிளைக்கதை மாங்காவும் ரசிகர் எழுத்தில் ஒரு வெள்ளத்தையே திறந்துவிட்டன. சீன ரசிகர்கள் கறுப்பு அமைப்பைச் ‘சாராய ஆலை’ என்றே அழைக்கிறார்கள். ஜின், வோட்கா, வெர்மூத், பர்பன், ஸ்காட்ச், ரை என்று குறியீட்டுப் பெயர் பெற்ற உறுப்பினர் எல்லோருக்கும் மதுவின் பெயரே இருக்கும்போது அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பிற ஃபேண்டங்களில் பாத்திரங்களை வலிந்து காபிக் கடையில் வேலைக்கு வைத்து எழுதுவது ஒரு தேய்ந்த பாணி. இங்கே மூலக்கதையே ஓர் உளவாளியை மோரி அலுவலகத்துக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் கஃபே புவாரோவில் சாண்ட்விச் செய்ய வைத்துவிட்டதால், ரசிகர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

இந்த ஐவர் கதைகளில் ஆகப் பெரும்பாலானவை மாற்றி எழுதுபவை: யாரோ ஒருவர் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார், அல்லது ஒரு வயர் சரியான நேரத்தில் வெட்டப்படுகிறது, எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். நவம்பர் 7 என்ற நாள் ரசிகர்களுக்கு ஏன் கனமானது என்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். கதையின் கணக்குப்படி ஏழாண்டுகளுக்கு முன் அந்த நாளில் ஹகிவாரா குண்டுவெடிப்பில் இறந்தார். நான்காண்டுகள் கழித்து அதே நாளில், அதே குற்றவாளி வைத்த குண்டோடு ராட்டினத்தில் மாட்டிக்கொண்ட மட்சுதா, அதைச் செயலிழக்கச் செய்யாமல் விட்டார். அடுத்த குண்டு இருக்கும் இடத்துக்கான குறிப்பு, வெடிப்பதற்கு மூன்று நொடி முன்னால்தான் திரையில் தெரியும் என்றிருந்ததால், அதைப் படித்துச் செய்தியாக அனுப்பிவிட்டுச் செத்துப்போனார். இதை மாற்றி எழுத ஆசைப்படாதவர் இருக்க முடியாது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போகும் எழுத்தாளர் யாரையும் காப்பாற்றுவதில்லை. அவர் எழுதுவது அந்த நான்கு ஆண்டுகளை. நண்பன் இறந்த நாளுக்கும் தான் இறக்கும் நாளுக்கும் நடுவில் மட்சுதா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் தொடர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது: ஹகிவாராவின் கைபேசிக்கு அவர் தொடர்ந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த எழுத்தாளர் அந்தச் செய்திகளை எழுதினார். மழை பெய்கிறது, புது அதிகாரி எரிச்சலூட்டுகிறார், நீ அன்று பரிந்துரைத்த படம் குப்பை. ஆரம்பத்தில் தினமும், பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு ஆண்டு நிறைவுக்கு முன்பு மீண்டும் அடிக்கடி. பழிவாங்கல் பற்றி ஒரு செய்தியிலும் ஒரு சொல்கூட இல்லை. துக்கம் ஆறுவதும் ஆறாமல் போவதும் செய்திகளுக்கு இடையிலான நாள்கணக்கில் தெரிகிறது. கதையின் மொத்த நீளம் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் படித்துவிடக்கூடியது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கைட்டோ கிட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதே ஆசிரியரின் 1987-ஆம் ஆண்டு மாங்காவிலிருந்து இந்தத் தொடருக்குள் வந்த வெள்ளுடைத் திருடன் அவன்; ஷினிச்சியின் முகச்சாயல் அவனுக்கு. அவனை எழுதுபவர்களில் பாதிப்பேர் இருவரையும் உரையாட விட்டுவிட்டு, திருட்டையே மறந்துவிடுகிறார்கள். மேடை மாயவித்தையின் நுட்பம் தெரிந்து, கூட்டத்தின் பார்வையை எங்கே திருப்புவது என்பதை வாக்கிய அமைப்பிலேயே செய்துகாட்டும் ஒருவர் இருக்கிறார். பத்தியின் தொடக்கத்தில் சாதாரணமாக வைத்த ஒரு கைக்குட்டை, முடிவில் மாணிக்கக் கல்லாக மாறியிருக்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாம் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். மீன் என்றால் நடுங்கும் அவனுடைய பலவீனத்தை வைத்து நகைச்சுவை எழுதாதவர் இல்லை, இவரும் எழுதியிருக்கிறார். அதை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

ஹெய்ஜிக்காக இன்னொருவர். ஷினிச்சியின் ரகசியம் தெரிந்த நண்பனும் துப்பறிவாளனுமான ஹத்தோரி ஹெய்ஜி ஒசாகாக்காரன். அவன் பேசும் கான்சாய் வட்டாரமொழியை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சாக மாற்றுவது வழக்கம். எழுத்துகளை விழுங்கி, மேற்கோள்குறிகளைத் தூவி, படிப்பவர் தடுக்கி விழும்படி எழுதுவார்கள். நான் சொல்பவர் ஓர் எழுத்தைக்கூட விழுங்கவைக்கவில்லை. ஹெய்ஜி மற்றவர்களைவிட வேகமாகப் பேசுகிறான், மற்றவர் வாக்கியத்தை அவன் முடித்துவைக்கிறான், தான் தொடங்கியதை முடிப்பதில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. ரானின் முன்னால் வாய் தவறி “குடோ” என்று அழைத்துவிட்டுச் சமாளிக்கும் பழைய நகைச்சுவையை இவர் ஒரே ஒரு முறை, ஆபத்தான ஓர் இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

மூலக்கதை நகர நகர ரசிகர் கதைகள் காலாவதியாவதைப் பற்றிப் பலரும் வருந்துகிறார்கள். கறுப்பு அமைப்பின் தலைவர் பேராசிரியர் அகாசாதான் என்று நம்பி எழுதப்பட்ட கதைகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. ஆசிரியரே மறுப்புச் சொல்லுமளவுக்கு அந்த ஊகம் வலுவாக இருந்தது. 2017-இல் மாங்கா கராசுமா ரென்யாவின் பெயரை வெளியிட்டதும் அவை எல்லாம் ஒரே நாளில் பொய்யாகிப்போயின. அதனால் அவை கெட்டுவிட்டன என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதைகளில் ஒன்றை இன்றும் பரிந்துரைக்கிறேன். தனக்குக் கண்ணாடியும் காலணியும் கைக்கடிகாரமும் செய்து கொடுத்த கிழவரைச் சந்தேகிக்க வேண்டிய நிலைக்கு வந்த சிறுவன், மறுநாள் காலை அதே கிழவர் வீட்டில் உணவருந்தும் அத்தியாயம் அதில் இருக்கிறது. தலைவர் யார் என்பது மாறிவிட்டது, அந்த மேசை மாறவில்லை. அதை எழுதியவர் பிறகு எதையும் எழுதவில்லை. ரசிகர் கதைத் தளமான ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் 1998-இல் தொடங்கியது என்பதால், இப்படிப்பட்ட மூத்த எழுத்தாளர்களில் பலர் இன்னும் அங்கேதான் கிடைப்பார்கள். அவர்கள் 2009-இல் திறக்கப்பட்ட இன்னொரு தளமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓனுக்குக் குடிபெயரவே இல்லை.

தேடும் வழி என்று சொன்னேன் அல்லவா. ஆர்க்கைவில் குடோஸ் (வாசகர் தரும் பாராட்டுக்குறி) எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வாசகர் ஒரு கதைக்கு ஒரு முறைதான் குடோஸ் தர முடியும். ஆகவே பல ஆண்டுகளாகக் கிடக்கும் கதைகளும் புகழ்பெற்ற ஜோடிகளின் கதைகளும் மேலே நிற்கும், போன மாதம் வந்த அருமையான வழக்குக் கதை பத்தாம் பக்கத்தில் கிடக்கும். உங்களுக்குப் பிடித்த ஓர் எழுத்தாளரைக் கண்டுகொண்டால், அவர் எதைப் புக்மார்க் செய்திருக்கிறார் என்று பாருங்கள். எழுதுபவர்கள் படிப்பதே வேறாக இருக்கும். மேலே நான் சொன்னவர்களில் மூன்று பேரை அப்படித்தான் கண்டடைந்தேன். வழக்குக் கதை எழுதுபவரின் புக்மார்க்குகளில் மட்சுதாவின் செய்திகள் இருந்தன, இரண்டுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை, ஆனாலும் இருந்தன. ஜப்பானிய ரசிகர் படைப்புகள் வெளியாகும் தளமான பிக்ஸிவில் ஜப்பானிய மொழி தெரியாமல் தேட வேண்டுமென்றால் இரு பாத்திரங்களின் பெயர்களிலிருந்தும் ஓரெழுத்து எடுத்துச் சேர்த்த டேக்குகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கும்போது யார் பேசுகிறார் என்பது அடிக்கடி குழம்பும், ஏனெனில் ஜப்பானிய வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் மறைந்திருக்கும். பொறுமை வேண்டும். பெயர்களை உடைத்து எழுதியிருப்பவர்களின் பக்கங்களைக் கண்டால் படியுங்கள், பகிராதீர்கள்.

முடிக்கப்படாத கதைகளைப் பரிந்துரைக்கலாமா என்று நண்பர் கேட்டார். பரிந்துரைக்கிறேன். ரானை எழுதுபவரின் கதையே முடியவில்லை. நாற்பதாவது அத்தியாயத்தோடு நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. மூலக்கதையே முடியாத ஒரு தொடரைப் பார்த்துப் பழகியவர்கள் இதற்குப் புகார் சொல்லக் கூடாது. அந்தக் கடைசி அத்தியாயத்தில் கோனன் புதுக் காலணி கேட்கிறான், பழையது கடிக்கிறது என்கிறான். ரான் மண்டியிட்டு அமர்ந்து, கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்க்கிறாள். அளவு கூடியிருக்கிறது.

ஆகவே அவரிடமிருந்தே தொடங்குங்கள். முதலில் 188-ஆம் எபிசோடை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அன்றிரவே முதல் அத்தியாயத்தைத் திறங்கள். ஹைபராவை எழுதுபவரை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், இடையிடையே கைட்டோ கிட்டுக்குப் போய் வாருங்கள். மட்சுதாவின் செய்திகளை மட்டும் நவம்பருக்கு எடுத்து வையுங்கள்.